மடிப்பும் முந்தானையும் கட்டடமாகும்போது: பெங்களூருவுக்கு ஓர் ஆடை அருங்காட்சியகம்

கட்டடக்கலை மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டங்களிலும் வடிவமைப்புப் போட்டிகளிலும் "ஆடை வடிவங்களைத் தழுவிய நகர ஃபேஷன் அருங்காட்சியகம்" என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வருவதுண்டு. அத்தகைய வரைபடங்கள் வெளியாகும்போது, பாவாடை விரிந்தது போன்ற கண்ணாடிக் கூரையையும் கொசுவம் வைத்தது போன்ற சுவரையும் பார்க்கும் வாசகருக்குச் சில ஐயங்கள் எழுகின்றன. கட்டடத்துக்கு ஆடையின் வடிவத்தைத் தருவதால் யாருக்கு என்ன பயன்? உள்ளே வைக்கப்படும் துணிகளுக்கு அந்த வடிவம் ஏதேனும் நன்மை செய்கிறதா? பெங்களூரு போன்ற ஒரு நகரத்தில் இத்தகைய அருங்காட்சியகம் அமையுமானால், அது யாருடைய ஆடைகளைக் காட்ட வேண்டும்?

இக்கேள்விகளுக்கு அடிப்படையிலிருந்து விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆடையின் தோற்றத்தைக் கட்டடத்தின் மேல் பொறிப்பதைவிட, ஆடை உருவாகும் முறையைக் கட்டடம் கற்றுக்கொள்வதே பலன் தரும் என்பது இதன் நிலைப்பாடு. அப்படிக் கற்றுக்கொண்ட கட்டடம் வெளியிலிருந்து பார்க்கும்போது ஆடை போலத் தோன்றாமலே போகலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

"ஆடை வடிவம்" என்பது எது?

இந்தச் சொல்லை மூன்று பொருள்களில் ஆளுகிறார்கள். மூன்றையும் பிரித்துக்கொள்ளாவிட்டால் விவாதம் குழம்பிவிடும்.

1. உருவரை. ஆடையைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் வெளிக்கோடு. இடை ஒடுங்கிக் கீழே விரியும் பாவாடை, தோள் அகன்ற கோட்டு, நிமிர்ந்து நிற்கும் தலைப்பாகை ஆகியவை இவ்வகை. பெரும்பாலான போட்டி வரைபடங்கள் இதைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

2. ஆக்கமுறை. தட்டையான துணி, உடலைச் சூழும் பொருளாக மாறும் வழி. வெட்டு, தையல், மடிப்பு, லைனிங் எனப்படும் உள்துணி, தையற்காரர்கள் "லூஸ்" என்று சொல்லும் இடைவெளி ஆகியவை இதில் அடங்கும். தறியில் பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) பின்னுவதும் இதன் முதற்படியே.

3. அணியும் முறை. வேட்டி, புடவை, அங்கவஸ்திரம் போன்ற தைக்காத ஆடைகளுக்குக் கழற்றி வைத்தபின் வடிவமே கிடையாது. அணிபவரின் கைகளில்தான் அவற்றின் வடிவம் இருக்கிறது. தென்னிந்தியாவில் அமையும் எந்த ஆடை அருங்காட்சியகமும் இந்த மூன்றாவது பொருளிலிருந்து தப்ப முடியாது.

உருவரையைக் கட்டடமாக்குவது எளிது. அதனால் கிடைப்பதும் சொற்பம். ஒரு பாவாடையின் விரிவைக் கான்கிரீட்டில் வார்த்தால் அது சிலையாக நிற்கும். ஆக்கமுறையோ வேலை செய்யும் அறிவு. நூற்றாண்டுகளாகத் தையற்காரர்களும் நெசவாளர்களும் சேர்த்துவைத்த அந்த அறிவுக்குக் கட்டடத்தில் நேரடியான பயன்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் செல்லுமுன், துணி ஒரு கட்டடத்திடம் என்ன கேட்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

துணிக்கு முதற்பகை வெளிச்சம்

ஓவியம், கற்சிலை, உலோகம் ஆகியவற்றை வைக்கும் கூடத்துக்கும் துணியை வைக்கும் கூடத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு வெளிச்சத்தில் இருக்கிறது. கல்லும் வெண்கலமும் பகல் வெளிச்சத்தைத் தாங்கும். சாயமேற்றிய பட்டும் பருத்தியும் தாங்கா. ஒளி, குறிப்பாகப் புற ஊதாக் கதிர், சாயத்தை வெளுக்கச் செய்வதோடு இழையின் மூலக்கூறுகளையும் உடைக்கிறது. ஓய்வு கொடுத்தால் துணி பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. இன்றைய சேதம் நேற்றைய சேதத்தோடு கூடிக்கொண்டே போகும்.

ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். துணிகளைக் காட்சிக்கு வைக்கும் இடத்தில் 50 லக்ஸுக்கு மேல் கூடாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வரம்பு. திறந்த வெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வெளிச்சத்தின் அளவோடு, அது விழும் நேரமும் கணக்கில் சேரும். இவ்விரண்டின் பெருக்கலை லக்ஸ்-மணி என்கிறார்கள். எளிதில் வெளுக்கும் சாயங்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி என்று பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி வரையறுக்கிறது. மஞ்சளில் தோய்த்த ஒரு துணியை இக்கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 50 லக்ஸ் வெளிச்சத்தில், நாளுக்கு 8 மணி நேரம் காட்டினால், ஓராண்டுக்குரிய ஒதுக்கீடு 37 நாட்களில் தீர்ந்துவிடும். அதே துணி நேர் வெயிலில் கிடந்தால் 9 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இந்த ஒரு கணக்கு மட்டுமே பல கண்ணாடி வரைபடங்களைத் தள்ளிவைக்கப் போதுமானது. வெளிச்சம் பாயும் கண்ணாடிப் பாவாடைக்குள் பழைய துணிகளைக் காட்டவே முடியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவில் 33,000க்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தும், அவை நிரந்தரக் காட்சியாக வைக்கப்படாமல் மாறி மாறி வெளிவருவதற்குக் காரணமும் இதுவே. ஆக, ஆடை அருங்காட்சியகம் என்பது அடிப்படையில் பெரிய இருண்ட கிடங்கும், அதைச் சார்ந்த மங்கலான சிறிய காட்சிக்கூடமும் ஆகும். எந்த வடிவமைப்பும் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு அடுத்தது ஈரப்பதம். காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 65 விழுக்காட்டுக்கு மேலே இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மிகவும் வறண்டால் பட்டு நொறுங்கும் தன்மை பெறும். ஏற்ற இறக்கம் அடிக்கடி நேர்ந்தால் இழைகள் விரிந்து சுருங்கித் தளர்ந்துபோகும். முற்காலத்தில் ஆண்டு முழுவதும் ஒரே அளவைக் கடைப்பிடிக்கும்படி வற்புறுத்தினார்கள். அண்மைப் பத்தாண்டுகளில் பெரிய அருங்காட்சியகங்கள் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம், 16 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பம், ஒரே நாளில் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்காமை என்ற தளர்வான வரம்பை ஏற்றுக்கொண்டுள்ளன. சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களுக்கு இதுவும் கடினம். ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவுக்கு இது எட்டக்கூடிய தொலைவில் இருக்கிறது. மார்ச் மாதப் பிற்பகல்களில் இங்கே காற்று வறண்டு கிடக்கும், ஆகஸ்ட், செப்டம்பர் காலைகளில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். ஆனால் தடித்த சுவரும் இரட்டைச் சுவரும் இந்த ஊசலாட்டத்தின் பெரும்பகுதியை மின்சாரம் இன்றியே விழுங்கிவிடும்.

பூச்சிகளும் உண்டு. கம்பளியையும் பட்டையும் அந்துப் பூச்சியும் கம்பள வண்டும் தின்னும். கஞ்சி போட்ட பருத்தியை வெள்ளிப்பூச்சி தேடிவரும். வசம்பும் வேப்பிலையும் வைத்துப் பெட்டியை மூடிய பழக்கம் இதிலிருந்து வந்ததுதான்.

ஆடையிடமிருந்து கட்டடம் எதைக் கற்கலாம்?

ஆடைக்கும் கட்டடத்துக்கும் உறவு கற்பிப்பது புதிய கருத்து இல்லை. முதற்சுவர்கள் கல்லால் ஆனவை அல்ல, முடைந்து தொங்கவிடப்பட்ட பாய்களே; கற்சுவர் அவற்றைத் தாங்க வந்த பிற்சேர்க்கை என்று ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் கோட்ஃபிரீட் செம்பர் 1851இல் வாதிட்டார். தென்னங்கீற்றை முடைந்து தட்டியாக நிறுத்திய வீடுகளைப் பார்த்த நமக்கு இந்த வாதம் விளங்குவது கடினம் இல்லை. கூரையைக் கழிகள் தாங்கும், கீற்று உடுத்தும். தாங்கும் உறுப்பையும் உடுத்தும் உறுப்பையும் இவ்வாறு பிரித்துக்கொண்டால், ஆடையின் ஆக்கமுறை கட்டடத்துக்கு என்ன தரும் என்பதை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

1. மடிப்பு. ஒரு தாளை இரு முனைகளில் தாங்கினால் நடுவில் தொய்ந்துவிடும். அதையே விசிறி போல மடித்தால் மேலே ஒரு புத்தகத்தையே தாங்கும். பொருள் கூடவில்லை, ஆழம் கூடியிருக்கிறது. வளைவை எதிர்க்கும் ஆற்றல் ஆழத்தோடு மிக வேகமாக வளரும் என்பதால், மடித்த மெல்லிய கான்கிரீட் கூரையால் நடுவில் தூண் இல்லாமல் அகன்ற கூடத்தை மூட முடிகிறது. காட்சிப் பெட்டிகளை அடிக்கடி இடம் மாற்ற வேண்டிய ஆடை அருங்காட்சியகத்துக்குத் தூணற்ற கூடம் பெரிய உதவி. சுவரில் வரும் மடிப்புக்கும் வேலை உண்டு. அதைக் கீழே பெங்களூருவின் வெயிலோடு சேர்த்துப் பார்க்கலாம். வேலை ஏதும் இல்லாமல் முகப்பில் ஒட்டப்படும் அலுமினிய மடிப்புகளோ தூசியும் புறா எச்சமும் சேரும் இடமாகவே முடியும்.

2. தொங்கல். புடவையின் முந்தானை தோளிலிருந்து விழும் வளைவு, இரு முனைகளில் கட்டிய சங்கிலி தொங்கும் வளைவுக்கு உறவானது. அந்த வளைவில் இழுவிசை மட்டுமே இருக்கும். லிஸ்பனில் 1998ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக அல்வாரோ சீசா வடிவமைத்த போர்ச்சுகல் மண்டபத்தில், இரும்பு வடங்களின் மேல் வார்த்த வெறும் 20 செ.மீ. தடிமனுள்ள கான்கிரீட் விரிப்பு, 60 மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் துணிபோலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இது திறந்த முற்றத்துக்குப் பொருந்தும். மழைநீர் வழிய இடம் வேண்டிய மூடிய கூடத்துக்கு நடுவில் தாழும் கூரை தொல்லையாகும்.

3. லைனிங்கும் லூஸும். என் கணிப்பில் இப்பட்டியலில் மிக மதிப்புள்ளது இதுதான். நல்ல கோட்டு ஒன்றில் வெளித்துணி மழைக்கும் பார்வைக்கும் உரியது. உள்துணி உடலுக்கு உரியது. இரண்டுக்கும் இடையே காற்று இருக்கிறது. உடம்பு அளவுக்கே வெட்டாமல் தையற்காரர் லூஸ் விடுவது, அணிபவர் கையைத் தூக்கவும் மூச்சு விடவும் இடம் தருவதற்காக. துணிகளைக் காக்கும் கட்டடத்துக்கும் இதே அமைப்புத் தேவைப்படுகிறது. வெளிப்புற ஓடு வெயிலையும் மழையையும் ஏற்றுக்கொள்ள, உள்ளே ஜன்னலே இல்லாத ஒரு பெட்டி தனியாக நிற்க வேண்டும். இடைப்பட்ட வெளியில் படிக்கட்டு, நடைவழி, நூலகம், தேநீர்க் கூடம் ஆகியவை அமையலாம்; மனிதர்கள் பகல் வெளிச்சத்தில் உலவுவார்கள், துணிகள் இருளில் உறங்கும். வெளிவெப்பம் உள்பெட்டியை எட்டுவதற்குள் இடைவெளிக் காற்று அதில் பெரும்பகுதியைத் தணித்துவிடும்.

4. நெசவு. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர், பாவும் ஊடையும் போல ஒளியையும் காற்றையும் வடிகட்டும். நம் ஊர்க் கொத்தனார்களுக்குப் பழக்கமான வேலை இது, செலவும் குறைவு.

5. தையல் இணைப்பு. காஞ்சிபுரத்துப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேருமிடத்தில் கோர்வை முறை கையாளப்படுகிறது. இழைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்வதால் அந்த இடம் கிழிவதில்லை. கட்டடத்திலும் இரு பொருட்கள் சந்திக்கும் இடமே பலவீனமான இடம். சுவரும் கூரையும், உருக்கும் கண்ணாடியும் சந்திக்கும் கோட்டில்தான் மழை நுழையும். சிக்கலான உருவரை கொண்ட கட்டடத்தில் இணைப்புகளின் நீளமும் பெருகும் என்பதை அழகிய வரைபடங்கள் சொல்வதில்லை. மே மாதத்திலும், மீண்டும் செப்டம்பர், அக்டோபரிலும் கொட்டித் தீர்க்கும் பெங்களூரு மழையில், ஒரு கசிவு ஒரே இரவில் ஒரு தலைமுறைச் சேகரிப்பைப் பாழாக்கிவிடும்.

மராக்கேஷும் டோக்கியோவும்

மேற்சொன்ன கொள்கைகள் கட்டடமாகியிருப்பதைப் பார்க்க இரு சான்றுகள் போதும்.

மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் 2017 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரானின் பெயரிலான அருங்காட்சியகத்தை ஸ்டூடியோ கேஓ என்னும் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. அவருடைய ஆவணங்களைப் புரட்டிய கட்டடக் கலைஞர்கள், அவருடைய வெட்டுகளில் நேர்க்கோடும் வளைகோடும் மாறி மாறி வருவதைக் கண்டு அதையே கட்டடத்தின் அடிப்படையாகக் கொண்டனர். வெளிச்சுவரில் சுடுமண் செங்கற்கள் பாவும் ஊடையுமாக நெய்த துணிபோல அடுக்கப்பட்டுள்ளன. உட்புறமோ உயர்ந்த கோட்டின் லைனிங் போல வழவழப்பாக, வேறு குணத்தோடு இருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கட்டடத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். நிரந்தரக் காட்சிக்கூடம் 400 சதுர மீட்டர். பத்தில் ஒரு பங்கே காட்சி. மீதமுள்ள பரப்பில் நூலகம், அரங்கம், மாறும் காட்சிகளுக்கான கூடம், பேணும் பகுதிகள் ஆகியவை இடம்பெறுகின்றன. ஆடை அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த விகிதத்தை மனத்தில் கொள்ள வேண்டும்.

டோக்கியோவின் 21_21 டிசைன் சைட் 2007இல் திறக்கப்பட்டது. ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயின் "ஒற்றைத் துணி" என்ற எண்ணத்திலிருந்து கட்டடக் கலைஞர் டடாவோ ஆண்டோ இதன் கூரையை உருவாக்கினார். 54 மீட்டர் நீளமுள்ள உருக்குத் தகடு தரையை நோக்கி மடிந்து இறங்குகிறது. வெளியே தெரிவது அந்த மடிப்பு மட்டுமே. கட்டடத்தின் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. இது ஆடை அருங்காட்சியகமாக இல்லாமல் வடிவமைப்புக் காட்சியகமாக இயங்குவது என்றாலும், துணியின் குணத்தை வெளியே சுருக்கமாகச் சொல்லிவிட்டு உள்ளே இருளைப் பெற்றுக்கொள்ளும் வழியை இது காட்டுகிறது.

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1949இல் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தினர் நிறுவிய காலிகோ துணி அருங்காட்சியகம், ஆடை போன்ற எந்த முகப்பும் இல்லாமலே உலகின் சிறந்த துணிச் சேகரிப்புகளில் ஒன்றைக் காத்துவருகிறது. முன்பதிவு செய்த சிறு குழுக்களையே உள்ளே விடுகிறார்கள். துணிகளுக்கு அது நல்லது; ஒரு நகரத்தின் பொது நிறுவனமாக இயங்க விரும்பும் அருங்காட்சியகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.

பெங்களூருவின் வெயில் எங்கிருந்து வருகிறது?

ஐரோப்பியக் கட்டடங்களின் ஒளியமைப்பை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு வானியல் காரணம் இருக்கிறது. பெங்களூரு வட அகலாங்கு 13 பாகையில் இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை, ஏறத்தாழ ஏப்ரல் 24 அன்றும் ஆகஸ்ட் 18 அன்றும், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் கம்பு நட்டுப் பார்ப்பது இந்த நாட்களைத்தான். இவ்விரு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில்கூட நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 53 பாகை உயரத்தில் இருக்கும். இதிலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு.

1. வெப்பத்தின் பெரும்பங்கு கூரையின் வழியே வருகிறது. ஆகவே மடிப்புக்குச் செலவிடும் பணத்தை முதலில் கூரைக்குச் செலவிட வேண்டும்; இரட்டைக் கூரை இட்டு நடுவில் காற்றோட்டம் தருவது முகப்பு அலங்காரத்தைவிட முக்கியமானது.

2. "வடக்கு ஒளி பாதுகாப்பானது" என்னும் ஐரோப்பியப் பாடம் இங்கே ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பொய்த்துவிடும். வடக்கு ஜன்னலுக்கும் சிறிய மறைப்புத் தேவை.

3. காலையும் மாலையும் தாழ்வாக வரும் கிழக்கு, மேற்கு வெயிலைக் கிடைமட்ட மறைப்பு தடுக்காது. கொசுவச் சுவருக்கு உண்மையான வேலை இங்கேதான் கிடைக்கிறது. மேற்குச் சுவரைச் செங்குத்தான மடிப்புகளாக்கி, ஒவ்வொரு மடிப்பிலும் மேற்கு நோக்கும் பக்கத்தைத் தடித்த சுவராகவும் வடக்கு நோக்கும் பக்கத்தை ஒடுங்கிய ஜன்னலாகவும் அமைத்தால், நடைவழிக்கு வெளிச்சம் வரும், வெயில் வராது.

வெளிச்சம் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெயிலிலிருந்து வருபவரை 50 லக்ஸ் அறைக்குள் திடீரென்று விட்டால், அவருக்கு எதுவும் தெரியாது; கண் பழகச் சில நிமிடங்களாகும், முதியவர்களுக்கு இன்னும் அதிகம். வெளிச்சம் படிப்படியாகக் குறையும் இடங்களின் வரிசையே இதற்கு மருந்து. கோபுர வாசலில் தொடங்கி, திறந்த பிராகாரம், தூண் மண்டபம், அர்த்த மண்டபம் என்று ஒளி தேய்ந்து கருவறையின் விளக்கொளியில் முடியும் கோயில் அமைப்பில் இந்த வரிசை நமக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குள் நடந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. ஆடை அருங்காட்சியகம் வடிவமைப்பவர், மேலைநாட்டுப் பாவாடைகளைப் படிக்கும் அதே அக்கறையோடு இந்த வரிசையையும் அளந்து படிக்க வேண்டும் என்பது என் வலுவான கருத்து.

தைக்காத துணியைக் காட்டுவது எப்படி?

தைத்த ஆடையைப் பொம்மைக்கு அணிவித்தால் அதன் வடிவம் வந்துவிடும். புடவைக்கு அது போதாது. மடிசார் ஒன்பது கஜத்தில் ஒரு நுனி கால்களுக்கு இடையே போய்ப் பின்னால் செருகப்படுகிறது. குடகுப் பெண்கள் கொசுவத்தைப் பின்புறம் வைக்கிறார்கள். இதே நகரத்தில், தர்மராயர் கோயிலின் கரகத் திருவிழாவில், தமிழ்நாட்டுத் தொடர்புள்ள திகளர் சமூகத்தைச் சேர்ந்த ஆண் பூசாரி புடவையும் வளையலும் அணிந்து கரகத்தைத் தலையில் ஏந்தி இரவெல்லாம் நடக்கிறார். அந்தப் புடவையைத் தனியே மடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பார்வையாளருக்கு ஒரு துண்டுத் துணி மட்டுமே தெரியும்.

ஆகவே இந்த அருங்காட்சியகத்துக்குள் துணியோடு கூட உடுத்தும் செயலுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். பழைய துணியை ஊசி குத்திப் பொம்மையில் நிறுத்துவது இழையைக் கிழிக்கும். எனவே மூலத்துணியைத் தட்டையாக, சற்றே சாய்ந்த பலகையில் கிடத்திக் காட்டிவிட்டு, அதே அளவில் புதிதாக நெய்த துணியை உடுத்திக் காட்டும் சிறு அரங்கை அருகில் அமைக்கலாம். அந்த அரங்குக்குப் பகல் வெளிச்சம் வரலாம், கூட்டம் கூடலாம், தொட்டும் பார்க்கலாம். உடுத்தும் முறைகளை முதியவர்களிடமிருந்து ஒளிப்பதிவு செய்து சேர்ப்பதும் சேகரிப்புப் பணியின் பகுதியே. துணி இருந்து முறை மறைந்துவிட்டால் அருங்காட்சியகம் பாதி ஆடையைத்தான் காத்ததாகும்.

கிடங்கைப் பற்றி ஓரிரு குறிப்புகள். சரிகைப் புடவையை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிப்புக் கோட்டில் சரிகை முறிந்து பட்டு கிழியும் என்பதால்தான் வீடுகளில் அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் புடவைகளை அமிலமற்ற தாள் சுற்றிய உருளைகளில் சுருட்டி வைப்பார்கள். ஒரு புடவையின் அகலம் ஏறத்தாழ 1.2 மீட்டர் என்பதால், அதைவிட நீளமான உருளைகளுக்கு ஏற்ற அடுக்குகளும், அவற்றைத் திருப்பும் அளவுக்கு அகன்ற வழிகளும், ஆறு மீட்டருக்கு அருகில் நீளும் புடவையை முழுவதும் விரித்துப் பார்க்க ஒரு நீண்ட மேசையும் வேண்டும். இந்த மேசையின் நீளமே கிடங்கு அறையின் அளவைத் தீர்மானிக்கும். வடிவமைப்பாளர் வரைபடத்தின் முதற்கோட்டை இதிலிருந்து இழுப்பது நல்லது.

யாருடைய ஆடைகள், எந்த இடம்?

ஃபேஷன் என்ற சொல் மேடையில் நடப்பவர்களை நினைவூட்டுகிறது. பெங்களூருவின் ஆடை வரலாறு அதைவிடப் பெரிது. 1809இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதிக்கு (கன்டோன்மென்ட்) சென்னை மாகாணப் படையோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூர், சிவாஜி நகர்ப் பகுதிகளில் தங்கின. அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தனித்த தலையணி இன்றும் அந்த வரலாற்றின் சின்னம். 1884இல் தொடங்கி பின்னி நிறுவனத்தின் மேலாண்மைக்கு வந்த பெங்களூரு கம்பளி, பருத்தி, பட்டு ஆலையின் காக்கித் துணி நாடெங்கும் உடுத்தப்பட்டது. மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமையகம் இங்கே இருக்கிறது; போக்குவரத்து நெரிசலுக்கு மட்டும் பெயர்போன சில்க் போர்டு சந்திப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய தொழிலின் கதை இருக்கிறது. சிக்பேட்டையின் பட்டுக் கடைகளும் கமர்ஷியல் தெருவின் தையற்கடைகளும் இதே கதையின் தொடர்ச்சி.

இன்றைய பகுதியை எழுதுபவர்கள் பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூரு சாலை ஆகிய இடங்களில் ஏற்றுமதி ஆடைகள் தைக்கும் பெண்கள். ஒரு சட்டை அங்கே பல பத்துச் சிறு வேலைகளாகப் பிரிக்கப்பட்டு, கழுத்துப் பட்டை ஒருவரிடமும் கைமுனை இன்னொருவரிடமும் தைக்கப்படுகிறது. வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்த விதியை எதிர்த்து 2016 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் சாலையில் திரண்டார்கள். அடுத்த நாளே மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. நாடு முழுவதும் உள்ள தொழிலாளருக்கு நன்மை பயத்த அந்த நிகழ்வுக்கு இந்த நகரத்தின் ஆடை அருங்காட்சியகத்தில் ஓர் அறை இருக்க வேண்டும். அந்தப் பெண்கள் தைத்த சட்டையும் அவர்கள் உடுத்திவந்த புடவையும் அங்கே அருகருகே இருக்க வேண்டும். ஆக்கமுறையைப் போற்றுவதாகச் சொல்லும் கட்டடம், ஆக்கியவர்களை வெளியே நிறுத்திவிட முடியாது.

இடத் தேர்வும் இதையொட்டியே அமைய வேண்டும். கஸ்தூர்பா சாலையில் 1865இல் நிறுவப்பட்ட அரசு அருங்காட்சியகமும், 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கலை மற்றும் நிழற்பட அருங்காட்சியகமும் இருப்பதால் அங்கேயே இன்னொன்றைச் சேர்ப்பது வசதி என்று தோன்றலாம். பிந்தியதன் சேகரிப்பில் துணிகளும் உள்ளன. சிக்பேட்டைக்கு மெட்ரோ இருக்கிறது, வணிகச் சூழலும் இருக்கிறது. மனை கிடைப்பது அரிது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம் சில்க் போர்டு, பொம்மனஹள்ளி வழியாக ஓசூர் சாலையோடு பொம்மசந்திரா வரை செல்கிறது. ஆடை தைப்பவர்கள் வாழும் பகுதியும் பட்டு வாரியமும் ஒரே தடத்தில் இருப்பதால், என் தேர்வு இந்தத் தடமாகவே இருக்கும்.

அப்படி அமையுமானால் நேர அட்டவணையும் வடிவமைப்பின் பகுதியாகிவிடும். தொழிற்சாலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வேலை நாட்களில் பணி முடிந்து பெண்கள் வெளியே வருவதற்குள் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடப்பட்டுவிடுகின்றன. ஞாயிறு முழுவதும், வார நாட்களில் இரவு எட்டு மணி வரையும் கதவு திறந்திருக்க வேண்டும். இருண்ட உள்பெட்டிக்குச் சூரியன் மறைவது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நாள்தோறும் கூடும் ஒவ்வொரு மணி நேரமும் துணியின் லக்ஸ்-மணிக் கணக்கில் ஏறும் என்பதால், பெட்டிக்கு முன்னால் ஆள் வந்து நின்றால் மட்டும் எரிந்து, நகர்ந்ததும் அணையும் விளக்குகளை வரைபட நிலையிலேயே சேர்த்துவிட வேண்டும்.